அடையாற்றில் ஓர் அணையா விளக்கு

திருப்போரூர்ப் பேருந்து நிலையத்தில் விடியற்காலையிலேயே சென்னைப் பேருந்துக்காகக் காத்திருப்போர் பலர். வேலைக்குச் செல்வோர் சிலர். படிக்கச் செல்வோர் சிலர். கையில் ஒரு துணிப்பையும் அதனுள் மருத்துவச் சீட்டுகளுமாக அடையாற்றுக்குச் செல்வோர் சிலர். அந்தத் துணிப்பைக்காரர்களுக்கு நம்பிக்கை தரும் இடம் ஒன்றை அமைத்துத் தந்தவர் ஒரு பெண்மணி. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர், தாயார் சந்திரம்மாள். பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட காலம் அது. அம்மையாரோ வீட்டிலேயே படித்துத் தேறினார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்கப் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். புதுக்கோட்டை மன்னரின் இசைவால் இடம் கிடைத்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் மருத்துவராக வெளிவந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

அவருடைய வாழ்வைத் திருப்பிய துயரம் 1923-ல் நேர்ந்தது. அன்புத் தங்கை புற்றுநோய்க்கு இரையானார். நோய் இன்னதென்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அக்கா மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க இயலவில்லை! அந்த வேதனையைக் கண்ணீரோடு முடித்துக்கொள்ளாமல், இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற உறுதியாக மாற்றிக்கொண்டார் அம்மையார்.

அதற்குள் நாடு அவரை வேறு பணிகளுக்கும் அழைத்தது. 1927-ல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார். அதற்கான சட்டம் 1947-ல் நிறைவேறியது. 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கினார். இத்தனைக்கும் இடையில் தங்கையின் நினைவு அவரை விட்டு அகலவில்லை.

புற்றுநோய் தீராத நோய், அதற்கென்று பணம் செலவிடுவது வீண் என்று பலரும் எண்ணிய நாட்கள் அவை. அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் வீடு வீடாக, ஊர் ஊராக நிதி திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டே படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதன் இரு தூண்களாயினர்.

1956-ல் அங்கு கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. நம் நாட்டில் அதுவே முதலாவது. கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் வெளிவிடும் காமாக் கதிர்கள் உடலின் ஆழத்திலுள்ள கட்டியைச் சென்றடைந்து, புற்றணுக்கள் பெருகாமல் அழிக்கின்றன. பழைய எக்ஸ்ரே சிகிச்சையைவிட மேல்தோல் புண்படுவதும் குறைவு. உலகின் செல்வ நாடுகளில் இச்சிகிச்சை தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த வேளையில், நம் ஏழை மக்களுக்கும் அது அடையாற்றிலேயே கிடைத்தது என்பது எத்தகைய பேறு!

ஆயினும் தோழியரே, இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. கதிர்வீச்சை ஒரே நாளில் கொடுத்து முடிக்க இயலாது. நல்ல அணுக்கள் தேறிக்கொள்ள இடைவெளி தந்து, வாரத்திற்கு ஐந்து நாட்களாகப் பெரும்பாலும் ஐந்தாறு வாரங்கள் சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும். திருப்போரூரிலிருந்து அடையாறு 40 கிலோமீட்டருக்கும் குறைவே. ஆனால் வயலில் நாற்று நடும் தாய்க்கும், கோவளத்து மீனவருக்கும் ஒவ்வொரு நாளும் போய்வருதல் என்பது கூலி இழப்பு, பேருந்துக் கட்டணம், உடன் வர ஒரு துணை ஆகிய மூன்று சுமைகள். பாதியில் நிறுத்தினாலோ பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். எனவேதான் அண்மையில் சிகிச்சையும், தங்க இடமும், ஏழைக்குச் சலுகையும் ஒன்றுசேர வேண்டும்.

அம்மையார் 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ல் இயற்கை எய்தினார். அவர் நட்ட செடி இன்று ஆலமரம். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. நம் ஊர் வழியே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில், தரமணியில், 2019-ல் புரோட்டான் கதிர் சிகிச்சை நிலையமே வந்துவிட்டது. அது தனியார் நிலையம், பெரும்பொருள் வேண்டும். சாலை அருகில் இருந்தும் வாயில் தொலைவில் இருப்பவர் இன்னும் பலர். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கதிர்வீச்சுக்கும் உதவுகிறது என்பதைக்கூட அறியாத இல்லங்கள் உண்டு.

தோழியரே, நாம் அனைவரும் மருத்துவமனை கட்ட இயலாது. ஆனால் ஆறாத புண்ணையும் மார்பில் தோன்றும் கட்டியையும் வெட்கத்தால் மறைக்க வேண்டாம் என்று நம் தாய்மாரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லலாம். சிகிச்சைக்குச் செல்லும் வீட்டின் குழந்தைகளை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். நன்கு படித்து மருத்துவராகவும், செவிலியராகவும், கதிர் இயந்திரத்தை இயக்கும் வல்லுநராகவும் வளரலாம். அடையாற்றில் அம்மையார் ஏற்றிய விளக்கிலிருந்து நம் ஊருக்கும் ஒரு சுடர் கொண்டுவருவது நம் கையில்தான் இருக்கிறது.