நாணலைப் போற்றிய நங்கை – டாக்டர் ஜானகி அம்மாள்

பொங்கல் வந்துவிட்டால் நம் சங்கரன்கோவில் கடைவீதியில் கட்டுக்கட்டாகக் கரும்பு வந்து இறங்கும். தோகையைச் சீவி, தோலைப் பல்லால் உரித்து, நாம் சுவைத்து மகிழ்கிறோம். ஆனால் ஓடைக்கரையில் வெண்ணிறப் பூவை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாணலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது கரும்பின் நெருங்கிய உறவு என்று சொன்னால் நம்புவோர் சிலரே. கரும்புக்கு ஆபத்து நேர்ந்த காலத்தில் அதற்குக் கை கொடுத்தது இந்த ஏழை உறவினர்தான்! அவ்வுறவை நுண்ணோக்கியின் அடியில் வைத்து ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் நம் தென்னாட்டுப் பெண்மணி, டாக்டர் இ. கே. ஜானகி அம்மாள் ஆவார்.

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மலபாரைச் சேர்ந்த தலச்சேரியில் அவர் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர்; செடி கொடிகளிலும் பறவைகளிலும் மிக்க ஈடுபாடு உடையவர். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம் அது. நம்மைப் போலவே ஜானகியும் கன்னியர் நடத்திய பள்ளியில், தலச்சேரித் திரு இருதய கான்வென்டில், படித்தார் என்பதை அறிய நமக்குப் பெருமையாக இருக்கிறது. பின்னர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும், மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921இல் தாவர இயலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சகோதரியர் ஒருவர்பின் ஒருவராக மணமாகிச் சென்றனர். ஜானகிக்கும் வீட்டில் திருமணப் பேச்சு நடந்தது. அவரோ படிப்பையே தேர்ந்துகொண்டார். அக்காலத்தில் இது எத்தனை துணிவான முடிவு என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள்.

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது, கீழ்த்திசைப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. கப்பலேறி அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பித் திருவனந்தபுரத்தில் சிறிது காலம் பேராசிரியையாக இருந்துவிட்டு, 1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

அந்நிலையத்தின் கதையைச் சற்று விரிவாகக் காண்போம். தடித்த, சாறு நிறைந்த உயர்ந்த வகைக் கரும்பு செல்லப்பிள்ளை போன்றது. நீர் குறைந்தால் வாடும். நோய் கண்டால் மடியும். தண்டின் உட்பகுதியைச் சிவப்பாக்கி அழுகச் செய்யும் செவ்வழுகல் நோய் வயல் வயலாக அழித்துவிடும். நாணலோ வறண்ட ஓடை மணலிலும் வளரும், வெள்ளம் தேங்கிய பள்ளத்திலும் வளரும். அதை விதைப்பார் இல்லை, உரமிடுவாரும் இல்லை. ஆனால் அதில் கடித்துச் சுவைக்கத்தக்க இனிப்பு ஏது? செல்லப்பிள்ளையின் இனிப்பையும் காட்டுப்பிள்ளையின் உடல் வலிவையும் ஒரே செடியில் சேர்க்க இயலுமா என்பதே கேள்வி. 1912இல் கோயம்புத்தூரில் இப்பணி தொடங்கியது. கரும்பு அங்கே நன்கு பூத்து விதை கொடுக்கும் என்பதே அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம். பார்பர் என்னும் ஆங்கிலேயரும், நம்மவரான டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற உயர்ந்த கரும்பை உள்ளூர் நாணலோடு கலந்து, 'கோ 205' என்ற புது வகையை உண்டாக்கினர். 1918இல் அது பஞ்சாப் விவசாயிகளின் கைக்குச் சென்றது. ஜாவாத் தீவிலும் டச்சுக்காரர்கள் இதே வழியில் கரும்பு நோயை வென்றனர்.

கலப்பு எளிதன்று. முதல் கலப்பில் பிறக்கும் செடி பெரும்பாலும் மெலிந்து, நார் மிகுந்து, இனிப்புக் குன்றி இருக்கும். அதை மறுபடியும் உயர்ந்த கரும்போடு கலக்க வேண்டும்; அதன் பிள்ளைகளுள் நல்லவற்றைப் பொறுக்கி மீண்டும் கலக்க வேண்டும். எந்தச் செடி எதனோடு சேரும், சேர்ந்தால் எது யாரிடமிருந்து வந்தது என்பதை அறியாவிட்டால் இது இருட்டில் துழாவும் வேலையே.

இங்கேதான் ஜானகி அம்மையார் விளக்கேந்தி வந்தார். உயிரணுவுக்குள் நூல் போலக் கிடக்கும் குரோமோசோம்களை எண்ணுவதில் அவர் கைதேர்ந்தவர். மனிதருக்கு 46 குரோமோசோம்கள். உயர்ந்த வகைக் கரும்புக்கு 80. நாணலுக்கோ ஒரே எண் இல்லை. இடத்துக்கு இடம் மாறி, 40 முதல் 128 வரை காணப்படுகிறது. நமக்கு ஒரே புல்லாகத் தோன்றுவது உள்ளே எத்தனை எத்தனை வகையாக இருக்கிறது! அம்மையார் கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து பார்த்தார். சோளம், தர்ப்பை இனப் புல் ஆகியவற்றோடு கரும்பு சேர்ந்த கலப்புகளையும் ஆராய்ந்தார். கோதுமைக்கும் இதே வழி பின்னர் உதவியது. 1956இல் அமெரிக்க விஞ்ஞானி சியர்ஸ் ஒரு காட்டுப் புல்லிலிருந்து துரு நோயை எதிர்க்கும் பண்பைக் கோதுமைக்குக் கொண்டுவந்தார்.

இத்தனை திறமை இருந்தும் கோவையில் அவருக்கு நிம்மதி வாய்க்கவில்லை. மணமாகாத பெண், அதிலும் தாழ்த்திப் பேசப்பட்ட தீயர் சமூகத்துப் பெண் என்று இளக்காரமாக நடத்தியவர்கள் உண்டு. 1939இல் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். உடனே உலகப்போர் மூண்டது, இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். இலண்டனில் குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் பதுங்கி, காலையில் உடைந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வாராம். சேலைக்குள் ஒளித்து அணிற்பிள்ளை ஒன்றையும் அந்நாட்டுக்குக் கொண்டு சென்றார் என்று சொல்வார்கள்! 1945இல் டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். பின் விஸ்லித் தோட்டத்தில் பணியாற்றினார். அவர் பெயர் தாங்கிய மக்னோலியா மரமும் உண்டு.

பிரதமர் நேருவின் அழைப்பின்பேரில் 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். இமயமலையில் மழைக்கும் செடிக்கும் உள்ள தொடர்பை அவர் கண்டறிந்த விதம் அழகானது. குளிரும் வறட்சியும் உள்ள வடமேற்கைக் காட்டிலும், குளிரோடு ஈரமும் மிக்க வடகிழக்கில், குரோமோசோம்கள் பன்மடங்காகப் பெருகிய செடிகள் அதிகம் என்றும், அதனால் அங்கே புதிய இனங்கள் மிகுதியாகத் தோன்றுகின்றன என்றும் விளக்கினார். 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியை மாற்றிய விதம் பற்றி ஒரு பெரிய மாநாடு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண்மணி அவரே.

காட்டுச் செடி அழிந்தால் அதற்குள் இருக்கும் வலிவும் அழியும். பிறகு எந்த ஆராய்ச்சிசாலையும் அதை மீட்க முடியாது. வாழ்நாள் முழுதும் நாணலைப் போன்ற புல்லையும் காட்டுச் செடியையும் எண்ணிப் பார்த்தவருக்கு இது ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழா ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டத் திட்டமிட்டபோது, எண்பது வயதை எட்டியிருந்த அம்மையார் எதிர்த்துக் குரல் கொடுத்தார். மின்சாரம் வேண்டும் என்போர் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களையாவது கணக்கெடுக்க வேண்டும் என்று முனைந்தவர் அவர்.

1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. சென்னையை அடுத்த மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், மூலிகைகளும் பூனைகளும் சூழ எளிய வாழ்க்கை நடத்தி, 1984 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கோயம்புத்தூர் நிலையம் இன்றும் காட்டு நாணல் வகைகளைப் பாத்தி கட்டி வளர்த்து வருகிறது. பல நாடுகளிலிருந்து திரட்டிய கரும்பு வகைகளை அதன் கிளை நிலையம் கண்ணூரில் காத்து வருகிறது. கண்ணூரிலிருந்து தலச்சேரிக்குச் சுமார் இருபது கிலோமீட்டர்தான்.