ஐயாயிரம் தேற்றங்களோடு ஒரு மாணவன்

தேர்வு நெருங்கினால் நம்மில் பலர் முதலில் தேடுவது சூத்திரங்கள் மட்டும் அடங்கிய கையேட்டைத்தான். விளக்கம் இல்லாத அப்படிப்பட்ட ஒரு நூலை வைத்தே உயர்கணிதத்துக்குள் நுழைந்தவர் சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். 1903-இல், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜார்ஜ் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. தேர்வுக்கு மாணவர்களைத் தயார்படுத்தும் தனிப்பயிற்சி ஆசிரியரான கார், ஏறக்குறைய 5,000 தேற்றங்களை எண்ணிட்டு அதில் அடுக்கியிருந்தார். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது; இருந்தாலும் சிறு குறிப்புதான்.

ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்களுக்கு அது மீள்பார்வை நூல். இராமானுஜனுக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு புதிர். சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் போடுவார். காகிதம் விலை அதிகம் என்பதால் முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். கணிதத்திலேயே மூழ்கியதால் மற்ற பாடங்களில் தவறினார், கல்லூரி உதவித்தொகை பறிபோனது, பட்டமும் கிடைக்கவில்லை.

1913 ஜனவரியில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலும் காரின் நூலைப் போலவே முடிவுகள் மட்டுமே இருந்தன. சில, ஹார்டியே கண்டிராதவை. சில, ஐரோப்பாவில் முன்பே கண்டறியப்பட்டவை. பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறானவை. அதற்குத் தேவையான கலப்பெண் சார்புகளின் கோட்பாட்டை அவருக்குக் கற்றுத்தர நூலும் இல்லை, ஆளும் இல்லை.

1914-இல் ஹார்டி அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்து உடன் பணியாற்றினார். 1916-இல் பட்டம், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி. 1920 ஏப்ரல் 26-இல் மறைந்தபோது வயது 32. அவர் நோட்டுகளில் விட்டுச்சென்ற முடிவுகளுக்கு நிரூபணம் திரட்டி புரூஸ் பெர்ண்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகளும் முடிய 1998 ஆனது.

மாணவ நண்பர்களே, கையேட்டில் ஒரு சூத்திரத்தைக் கண்டால் நூலை மூடிவிட்டு, அது எப்படி வந்தது என்று தாளில் முயன்று பாருங்கள். முடியாவிட்டால் தயங்காமல் ஆசிரியரிடம் கேளுங்கள். உடனிருந்து வழிகாட்டும் வல்லுநர் இராமானுஜனுக்கு 26 வயதில்தான் கிடைத்தார்.