மயில்வாகனம் வாத்தியார் படித்த காலம்

புளியந்தீவில் புனித மிக்கேல் கல்லூரிப் பக்கம் போகும்போதெல்லாம் சுவாமி விபுலாநந்தரின் ஞாபகம் வரும். ஆனால் காவி உடுத்த துறவியாக அல்ல. இருபது வயதைத் தாண்டிய மயில்வாகனம் வாத்தியாராகத்தான் அவர் என் கண்ணுக்குள் நிற்பார். காவிப் படத்தை எல்லாப் பாடசாலைகளிலும் மாட்டிவிட்டோம். வேலைக்குப் போன பிறகும் படிப்பை விடாத அந்த இளைஞனை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

1892இல் காரைதீவில் பிறந்தவர். புளியந்தீவுக்கு வந்து முதலில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் பிறகு புனித மிக்கேலிலும் படித்தார். 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறியபோது வயது பதினாறுதான். கையோடு வாத்தியார் வேலையும் கிடைத்தது. ஒரு கிராமத்துப் பொடியனுக்கு அந்தக் காலத்தில் அது பெரிய உத்தியோகம். அதோடு நின்றிருந்தாலும் ஊர் மதித்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார். பயிற்சிக் காலத்திலேயே தென்கோவை கந்தையாபிள்ளையிடம் தமிழும் கற்றார். முடித்துத் திரும்பியவர் மறுபடியும் மிக்கேலில் படிப்பித்தார். பிறகு மீண்டும் கொழும்பு, தொழில்நுட்பக் கல்லூரி. 1916இல் விஞ்ஞான டிப்ளோமா கிடைத்தது. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். பகலில் வகுப்பு, மிச்ச நேரத்தில் லண்டன் பரீட்சைக்கான படிப்பு. 1920இல் பி.எஸ்ஸி. பட்டதாரியானார். முதல் சம்பளத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் இடையில் பன்னிரண்டு வருடங்கள்.

இந்தக் கணக்கை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் நான் தொண்டர் ஆசிரியர். காலையில் வாவியைத் தோணியில் கடக்க வேண்டும். சோதனைச் சாவடியில் இறங்கி நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வகுப்பு. கணிதம் படிப்பித்தேன், ஆனால் எப்படிப் படிப்பிப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒருமுறை பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். நீ போனால் வகுப்பை யார் பார்ப்பது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதிலும் நியாயம் இருந்தது, மொத்தமே நாலு பேர்தான் இருந்தோம். ஆனாலும் அன்று என்னிடம் பின்னம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. எனக்குத் தெரியாத பிழையெல்லாம் அவர்கள் தலையில்தான் போய் இறங்கியது.

சுவாமியிடம் அந்தப் பன்னிரண்டு வருடப் படிப்பு எங்கே போய்ச் சேர்ந்தது? 1922இல் சென்னைக்குப் போய் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார், 1924இல் துறவியானார். விஞ்ஞானம் வீணாய்ப் போயிற்று என்று யாரேனும் நினைத்திருக்கலாம். திரும்பி வந்து பாடசாலைகளைப் பொறுப்பேற்றார். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். இதற்கிடையில் வழக்கொழிந்துபோன யாழைத் தேடிக்கொண்டிருந்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் இரட்டிக்கும், மூன்றில் இரண்டாக்கினால் இளி பிறக்கும். இதைக் கணக்காகப் பிடித்துச் சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளைத் திறப்பதற்கு இலக்கியம் மட்டும் தெரிந்தவரால் முடியாது. வாத்தியாராக இருந்தபோது கற்ற பௌதிகம் அங்கே கைகொடுத்தது. யாழ் நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். சமாதி சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது.

விஞ்ஞான டிப்ளோமாவுக்காக அவர் கொழும்புக்குப் போனபோது, இதனால் பாடசாலைக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால் யாழ் என்று அவராலேயே பதில் சொல்லியிருக்க முடியாது.

என் தங்கையின் மகள் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறாள். முள்ளிவாய்க்காலில் தகப்பனை இழந்த பிள்ளை. கணக்கியல் வகுப்புக்காகச் சனிக்கிழமைகளில் அரை நாள் லீவு கேட்டிருக்கிறாள். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்குக் கடைக்குப் போய் அவரோடு பேசப்போகிறேன்.