சட்டம் விட்டது, மனச்சாட்சி விடவில்லை

ஜான் நியூட்டன் 1725-ல் லண்டனில் பிறந்தவர். 1744-ல் கடற்படைக்கு ஆள்பிடிக்கும் கூட்டம் அவரைப் பலவந்தமாய்ப் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றியது. அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. தப்பி ஓடினார், பிடிச்சுட்டாங்க. எல்லார் முன்பாகவும் சவுக்கடி!

இவ்வளவு பாடுபட்டவர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1748-ல் கடும்புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டு உயிர் தப்பினார். ஆனாலும் 1750 முதல் 1754 வரை அடிமைக்கப்பலின் கேப்டனாக, ஆப்பிரிக்க ஜனங்களை விலங்கிட்டுக் கடல் கடத்தினார். கப்பலிலே ஜெபமும் நடத்தினார்! சட்டமும் தடுக்கலை, மனசும் உறுத்தலை. சரீரம் பெலவீனப்பட்டதால்தான் கப்பலை விட்டார்.

1764-ல் போதகரானார். மனச்சாட்சி விழித்து, 1788-ல் தன் பாவத்தை அறிக்கையிட்டு ஒரு சிறுநூல் வெளியிட்டார். பார்லிமெண்டுக்கு முன்பாகவும் சாட்சி சொன்னார். 1807 மார்ச்சில் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்தது. அதே வருஷம் டிசம்பரில், 82-ம் வயதில் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, சட்டம் விட்டுவிட்டால் அது நியாயமாகிவிடுமா? வீட்டிலோ வேலையிலோ சபையிலோ யாரையாவது பலவந்தம் பண்ணுகிறோமா? அவர் வாய் திறக்க 34 வருஷம் ஆச்சு. நாம் இன்றைக்கே மனந்திரும்புவோம்.