நாடகத் தமிழுக்கு வரம்பு கட்டிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

முருகப்பெருமான் வேடனாகவும் வேங்கை மரமாகவும் விருத்தராகவும் வந்து வள்ளிப் பிராட்டியை ஆட்கொண்ட வரலாற்றை அறியாத தமிழ் இல்லம் இல்லை. அவ்வரலாற்றை, எழுத்தறியாத ஏழை எளியோரும் விடிய விடியக் கண்விழித்துக் கண்டு களிக்குமாறு மேடைக்கு ஆக்கித் தந்த பெருமகனாரை அறிந்தோர் இன்று நம்மிடையே மிகச் சிலரே. அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடக உலகம் அவரைத் தலைமை ஆசிரியர் என்று போற்றுகிறது. அன்னாரின் வாழ்க்கையைத் திருவிழாக் காலத்தில் நினைவுகூர்வது பொருத்தமுடையதே.

பிறப்பும் கல்வியும்

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி எனும் சிற்றூரில் அவதரித்தார். தந்தையார் தாமோதரத் தேவர். இராமாயணத்தில் அவருக்கிருந்த ஆழ்ந்த புலமையை எண்ணி, ஊர்மக்கள் அவரை இராமாயணப் புலவர் என்றே அழைத்தனர். தந்தையாரிடம் தொடக்கக் கல்வி பயின்ற மைந்தர், பின்னர் பழனி தண்டபாணி சுவாமிகளை அடைந்து தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பா, கலித்துறை, வண்ணம் முதலிய பாவகைகளை விரைந்து பாடும் ஆற்றல் இளமையிலேயே அவருக்குக் கைவந்தது.

எனினும் வயிற்றுப்பாட்டுக்குத் தொழில் வேண்டுமன்றோ? சிறிது காலம் தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கராகப் பணியாற்றினார். உள்ளம் அதில் ஒன்றவில்லை. தமது 24ஆம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அக்காலத்து நாடக உலகம்

அந்நாளைய நிலையை அறிந்தால்தான் சுவாமிகளின் தொண்டு விளங்கும். அதுவரை ஊர்ப்புறங்களில் தெருக்கூத்தே கோலோச்சி வந்தது. வடபுலத்துப் பார்சி நாடகக் குழுக்கள் தென்னாடு வந்து, வண்ணத் திரைகளையும் காட்சி ஜோடனைகளையும் அறிமுகம் செய்தன. தஞ்சை கோவிந்தசாமி ராவ் அவர்களின் குழு அம்முறையில் தமிழ் நாடகங்களை நடத்திப் புகழெய்தியது. அதனைக் கண்டு ஊக்கம் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார், 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்துக் கற்றறிந்தோரை மேடைக்குக் கொணர்ந்தார்.

ஊர் ஊராகச் சென்று பிழைத்த தொழில்முறை நடிகர்களின் நிலையோ வேறு. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. எண்ணெய் விளக்கொளியில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வல்லவரே நடிகர். கதை ஒன்றாயினும், வசனம் அவரவர் வாய்க்கு வந்தபடி. ஒருவரையொருவர் மடக்குவதற்காகப் பாட்டுப் போட்டியில் இறங்குவதும், அதனிடையே கதையை மறந்து போவதும் உண்டு. கேலிப் பேச்சு வரம்பு மீறுவதும் உண்டு. ஆதலால் கூத்தாடிகள் என்று இகழ்ந்து, மதிப்புடைய குடும்பத்தார் அவர்களுக்கு வீடு கொடுக்கவும் தயங்கினர்.

வேடத்தைத் துறந்த வரலாறு

இத்தகைய உலகில் நடிகராகவே சுவாமிகள் அடியெடுத்து வைத்தார். கம்பீரமான தோற்றமும் வெண்கலக் குரலும் வாய்த்த அவருக்கு இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் ஆகிய வேடங்கள் பெயர் பெற்றுத் தந்தன.

அப்புகழே அவருக்கு வேதனையாகவும் முடிந்தது. நள தமயந்தி நாடகத்தில் சனீசுவரனாக நடித்த ஓர் இரவின் முடிவில், வேடத்தைக் களைந்து கழுவ விடியற்காலை இருளில் நீர்த்துறைக்குச் சென்றார். அங்கு வந்த பெண் ஒருத்தி அக்கரிய உருவத்தைக் கண்டு அஞ்சி உயிர் நீத்தாள். மற்றொரு முறை, சத்தியவான் சாவித்திரியில் எமனாக அவர் முழங்கி வந்த காட்சியைக் கண்ட கருவுற்ற மாதொருத்திக்குக் கரு கலைந்தது. அவர் வரலாற்றை எழுதியோர் இவ்வாறு கூறுகின்றனர். தம் கலை ஓர் உயிருக்கு ஊறு விளைவித்தது என்ற எண்ணம் சுவாமிகளின் நெஞ்சை அறுத்தது. அன்றோடு வேடம் புனைவதை விட்டார். எழுதுவதும் பயிற்றுவிப்பதுமே இனித் தம் பணி என வகுத்துக் கொண்டார்.

பின்னர்த் துறவு உள்ளத்துடன் தலயாத்திரை மேற்கொண்டு திருக்கோயில்கள் பலவற்றைத் தரிசித்தார். சங்கரதாஸ் என்னும் பெயருடன் சுவாமிகள் என்னும் அடைமொழி சேர்ந்தது அதன் பிறகே. இல்லறத்தை நாடாமல் இறுதிவரை தனியராகவே வாழ்ந்தார். யாத்திரை முடித்துப் புதுக்கோட்டை வந்த சுவாமிகளை, கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை தம் சொந்தப் புதல்வராகவே ஏற்றுப் போற்றினார். அங்குப் பெற்ற தாள நுட்பம் சுவாமிகளின் நாடகப் பாடல்களுக்கு உரம் ஊட்டியது.

எழுத்தால் அமைத்த வரம்பு

சுவாமிகள் இயற்றிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை என்பர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, பிரகலாதன், சுலோசனா சதி, கோவலன், நல்லதங்காள் ஆகியன பெரும்புகழ் பெற்றவை. பாடலும் வசனமும் வகுத்துரைத்த இந்நூல்கள் வந்தபின், மேடையில் மனம்போனபடி பேசுவதற்கு ஒரு தடை ஏற்பட்டது. திருக்குறள், நாலடியார் ஆகியவற்றின் கருத்துகள் வேடுவப் பெண்ணின் வாயிலும் விதூஷகனின் வாயிலும் புகுந்து, பள்ளிக்கூடம் காணாத பாமரர் செவிகளை எட்டின.

வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகம் என்னும் முறை நிலைபெற்றதற்கும் இதுவே காரணம். மதுரை வள்ளியும் புதுக்கோட்டை நாரதரும் முன்பின் அறியாதவராயினும், இருவரும் மனனம் செய்தது சுவாமிகளின் ஒரே பாடம். ஆகவே நாடகம் தடையின்றி நடந்தேறியது.

பிள்ளைகளின் ஆசான்

வளர்ந்த நடிகர்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்வது எளிதாக இல்லை. எனவே சிறுவர்களைக் கொண்ட பாலர் சபைகளில் சுவாமிகள் நம்பிக்கை வைத்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. பெண் வேடத்தில் பெயர் பெற்ற கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்களாகிய டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில்தான் சேர்ந்தனர். அவர்களுள் டி.கே. சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

இளம் வயதில் வீட்டைப் பிரிந்து, பள்ளிப் படிப்பை இழந்து, குரல் உடைந்தால் வேடத்தையும் இழந்து நின்ற பிள்ளைகள் அக்காலத்தில் பலர். பாலர் சபை முறையின் கடுமையை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் தமிழை நிறுத்தி உச்சரிக்கவும், பொருளறிந்து பாடவும், ஆசிரியர் வகுத்ததை மீறாது நடிக்கவும் சுவாமிகள் அவர்களுக்குக் கற்பித்தார். சிறுவன் சண்முகத்துக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகம் முழுவதையும், பாடல், வசனம் அனைத்தும் உட்பட, ஒரே இரவில் எழுதி முடித்தார். அம்மாணவர் பிற்காலத்தில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்று, எனது நாடக வாழ்க்கை என்னும் தம் நூலில் ஆசானின் பெருமையைப் பதிவு செய்தார்.

இறுதியும் எச்சமும்

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. ஓரிரவில் ஒரு நாடகத்தை எழுதிய கை ஓய்ந்தது. அரங்கை நடுங்க வைத்த குரல் அடங்கியது. அந்நிலையிலும் அவர் தம் பிள்ளைகளின் சபையை விட்டுப் பிரியவில்லை. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் இறைவனடி சேர்ந்தார். அந்நகரின் கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் நாடகப் பள்ளி அமைந்தது. நாடக நடிகர் சங்கத்தார் குருபூஜை எடுத்து இன்றும் அவரை வணங்கி வருகின்றனர்.

அவர் மறைந்த பின்னும் அவர் படைப்புகள் ஓயவில்லை. 1934இல் வெளிவந்த பவளக்கொடி திரைப்படமே தியாகராஜ பாகவதருக்கு முதற்படம். வள்ளி திருமண மேடையில் முருகன் வேடமிட்ட விசுவநாத தாஸ், அதனிடையே விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் சென்னையில், மயில்மீது அமர்ந்த கோலத்தில் பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஆண்டுதோறும் திருவிழா வருகிறது. எந்தக் கலைநிகழ்ச்சி வைப்பது என்னும் பேச்சும் உடன் வருகிறது. கூட்டம் சேர வேண்டுமென்று திரைப்படப் பாட்டுக் கச்சேரியை நாடுவோர் பலர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. கூட்டம் வேண்டும் என்பதில் சுவாமிகளுக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. பபூனுக்கும் வேடிக்கைப் பாட்டுக்கும் அவர் நாடகங்களில் இடம் உண்டு. ஆனால் வந்த கூட்டம் விடியற்காலையில் வீடு திரும்பும்போது எதைக் கொண்டு செல்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்த்தார். தம்மைக் கண்டு ஓர் உயிர் அஞ்சி மாண்டது கண்டு வேடத்தையே துறந்த பெருந்தகை அவர். நம் பிள்ளைகள் பத்துப் பேரைத் திரட்டி, வள்ளி திருமணத்தில் ஒரு மணி நேரக் காட்சியையேனும் அடுத்த திருவிழாவில் சந்நிதி முன் நடிக்கச் செய்வோமாயின், அதுவே சுவாமிகளுக்கு நாம் செலுத்தும் மெய்யான குருபூஜை ஆகும்.