மங்கி ஒலிக்கும் சிற்றலையின் மர்மத்தை ஆராய்ந்த சிசிர் குமார் மித்ரா

பங்காருபாளையம்: சிற்றலை வானொலியில் தொலைதூர ஒலிபரப்பைக் கேட்போர், குரல் திடீரெனத் தேய்ந்து மறைவதையும், சில நொடிகளில் மீண்டும் ஓங்கி ஒலிப்பதையும் நன்கறிவர். இந்த அலை மங்கலுக்குக் காரணமான அயனி மண்டலத்தை இந்திய மண்ணிலிருந்தே ஆராய முடியும் என்று நிறுவியவர் பேராசிரியர் சிசிர் குமார் மித்ரா. பங்காருபாளையம் அடங்கிய சித்தூர்–திருப்பதி வட்டாரத்தில், காதங்கியில் இயங்கிவரும் தேசிய வளிமண்டல ஆய்வகம் அவர் வளர்த்த ஆய்வு மரபின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது.

வங்காளத்தில் 1890 அக்டோபர் 24 அன்று மித்ரா பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். தாயார் பாகல்பூர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர். தந்தை நோயுற்று முடங்கியபின் தாயாரின் வருவாயே குடும்பத்தைத் தாங்கியது. வறுமைக்கிடையே பயின்ற மித்ரா, 1912இல் கல்கத்தாவில் இயற்பியல் முதுகலைத் தேர்வில் முதலிடம் பெற்றார்.

சில ஆண்டுகள் கல்லூரி ஆசிரியராக இருந்த அவரை, 1916இல் அசுதோஷ் முகர்ஜி கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு அழைத்தார். அங்கு சி.வி. இராமனுடன் ஒளியியலில் ஆய்வு செய்து 1919இல் முனைவரானார். பின்னர் பாரிஸ் சென்று, சார்போன் பல்கலைக்கழகத்தில் 1923இல் மற்றொரு முனைவர் பட்டம் பெற்றார். நான்சி நகரில் பேராசிரியர் குட்டனின் ஆய்வகத்தில் வானொலி வால்வுகளோடு பழகிய காலமே அவரது வாழ்வின் திருப்புமுனை. ஒளியியலில் ஈட்டிய பெயரை விடுத்து, இந்தியாவில் எவரும் கற்பிக்காத புதிய துறைக்கு அவர் மாறினார்.

தாயகம் திரும்பியதும் பல்கலைக்கழகத்தில் கம்பியில்லாத் தந்தித் துறைக்கெனப் பாடத்தையும் ஆய்வகத்தையும் ஏற்படுத்தினார். அகில இந்திய வானொலி தோன்றுவதற்கு முன்பே, அந்த ஆய்வகத்திலிருந்து ஒலிபரப்பும் நிகழ்ந்தது. அயனி மண்டலத்தின் இ அடுக்கிற்கான சான்றை 1930இல் அவரது குழு வங்காளத்தில் கண்டறிந்தது.

அலை மங்குவது ஏன்?

வானை நோக்கிச் செல்லும் சிற்றலை, அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டுப் பூமியை அடைகிறது. ஒரே அலை பல வழிகளில் வந்து சேர்வதால், முகடும் முகடும் கூடுமிடத்தில் ஒலி வலுக்கிறது. முகடும் அகடும் மோதுமிடத்தில் ஒலி அழிகிறது. அயனி அடுக்குகள் ஓயாமல் அசைவதால் இந்த நிலை நொடிக்கு நொடி மாறுகிறது.

ஆயினும் ஓரிடத்தில் அலை மங்கும் கணத்தில், சற்றுத் தொலைவில் அது வலுவாகவே இருக்கக்கூடும். அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனப் பொறியாளர்கள் பெவரேஜ், பீட்டர்சன் ஆகியோர் இவ்வுண்மையைப் பயன்படுத்தி, விலக்கி நிறுவிய பல ஆண்டெனாக்களின் குறிப்பலைகளை ஒன்றிணைத்தனர். டைவர்சிட்டி எனப்படும் இந்தப் பன்முக ஏற்பு முறையை அவர்கள் 1931இல் விவரித்து வெளியிட்டனர். 30 மீட்டர் அலைநீளத்தில், பத்து அலைநீள இடைவெளி என்பது 300 மீட்டராகும்.

பொறியாளருக்குத் தொல்லையான இம்மங்கல், ஆய்வாளருக்குச் சான்றாகவும் அமைந்தது. அகில இந்திய வானொலியைச் சேர்ந்த எஸ்.என். மித்ரா, விலகி நிற்கும் ஏற்பிகளில் மங்கல் தோன்றும் கால வேறுபாட்டைக் கொண்டு அயனி மண்டலக் காற்றை அளக்கும் முறையை 1949இல் வெளியிட்டார். குடும்பப் பெயர் ஒன்றாயினும் இவர் வேறொருவர்.

நெடிய போராட்டம்

வானொலி ஆய்வுக்கென நாட்டில் தனி அமைப்பு வேண்டும் என்று சிசிர் குமார் மித்ரா தொடர்ந்து வலியுறுத்தினார். 1942இல் வானொலி ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, அவரே அதன் தலைவரானார். உயர் வளிமண்டலம் குறித்த அவரது பெருநூலை 1947இல் ஆசியக் கழகம் வெளியிட்டது. 1952இல் இரண்டாம் பதிப்பும், பின்னர் ரஷ்ய மொழிபெயர்ப்பும் வந்தன. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் வானொலி இயற்பியல் மற்றும் மின்னணுவியல் நிறுவனமும் அவரது முயற்சியால் உருவானதே.

1958இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மித்ராவுக்கு, 1962இல் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. 1963 ஆகஸ்ட் 13 அன்று அவர் காலமானார். நிலவின் பள்ளம் ஒன்று அவரது பெயரைத் தாங்கியுள்ளது.

அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1990களில் காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் இயங்கத் தொடங்கியது. 1,024 ஆண்டெனாக்களின் அணிவகுப்பைக் கொண்ட அந்த ரேடார், வளிமண்டலக் காற்றையும் அயனி மண்டலத்தின் ஒழுங்கின்மைகளையும் அளந்து வருகிறது.