மாணவராகவே வாழ்ந்த ஆசிரியர்: டாக்டர் ஜி. யூ. போப்

 

ஆண்டின் தொடக்கத்தில் முதலாம் ஆண்டுப் பதிவிற்காகப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரிற் சிலர், நம் மேசையின் முன் அமர்ந்து தயங்கியவாறே ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. தமிழ்ப்பள்ளியிற் படிப்பதால் என் பிள்ளைக்கு என்ன பயன் என்பதே அக்கேள்வி. நாள் முழுவதும் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவர் அவ்வாறு கேட்பதில் தவறில்லை. அதற்கு விடையாக, தமிழராய்ப் பிறவாத ஓர் ஆசிரியரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறோம். ஆங்கிலமும் பிற கலைகளும் கற்பிப்பதற்காகத் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிற்கு வந்து, கற்பித்ததைவிட மிகுதியாகக் கற்றுக்கொண்டு திரும்பியவர் அவர். தமிழ் மக்கள் அவரைப் போப்பையர் என்று அன்புடன் அழைத்தனர். ஜார்ஜ் யூக்ளோ போப் என்பது அவரது முழுப்பெயராகும்.

பிறப்பும் பயணமும்

போப் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 24-ஆம் நாள், கனடா நாட்டைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவிற் பிறந்தார். தந்தையார் ஜான் போப். தாயார் கேதரின் யூக்ளோ. இளம் வயதிலேயே குடும்பத்தாருடன் இங்கிலாந்துக்குச் சென்று அங்குக் கல்வி பயின்றார். சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றும் நோக்கத்துடன் 1839-ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாம் வயதில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அக்காலத்தில் சூயஸ் கால்வாய் வெட்டப்படவில்லை. அது 1869-ஆம் ஆண்டிலேதான் திறக்கப்பட்டது. எனவே, கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு பல மாதங்கள் பயணம் செய்தே இந்தியாவை அடைந்தன. அத்தனை தொலைவு கடந்து வந்த அவ்விளைஞர், கரை சேர்ந்த பின் தமிழைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளாவிருக்கவில்லை. வருமுன்னரே தமிழைப் பயிலத் தொடங்கிவிட்டார். சென்னையில் இராமாநுச கவிராயர் என்னும் பெரும்புலவரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். ஆசிரியராகப் பணியாற்ற வந்தவர் முதலில் அமர்ந்த இடம் மாணவனின் இடமே என்பதை நம் பிள்ளைகள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பனங்காட்டுப் பள்ளி

1842-ஆம் ஆண்டு போப் சாயர்புரம் சென்றார். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள ஊர் அது. வெயில் மிகுந்த அவ்வட்டாரத்தின் செல்வம் பனைமரமே. பருவ காலத்தில் பனையேறும் தொழிலாளி விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் ஏறி இறங்குவார். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிப் பதநீர் இறக்குவார். மாலையில் மீண்டும் அதே மரங்களில் ஏறுவார். பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். சுள்ளி பொறுக்குவதும் அடுப்பெரிய உதவுவதும் பிள்ளைகளின் வேலையாகும்.

இதனைப் படிக்கும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அவ்வாழ்க்கை அயலானதாகத் தோன்றாது. விடியற்காலைப் பிரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, மங்கிற் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றித் தோளிற் சுமந்தவர்கள் அவர்கள். தாய்க்கு உதவியாக நிரைக்குச் சென்று, கையிற் பிசின் ஒட்டியவாறே பள்ளிக்கு ஓடி வந்த தலைமுறையும் நம்மிடையே உண்டு. போப் சாயர்புரத்திற்கு வந்தபோது நம் மலாக்காவில் இரப்பர்த் தோட்டமே இல்லை. டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரைத் தோட்டப் பயிராக நட்டது 1896-ஆம் ஆண்டிலேதான். மரம் வேறு, ஆயினும் மரத்தை நம்பிய வாழ்வு ஒன்றே.

சாயர்புரத்தில் 1844-ஆம் ஆண்டு போப் ஓர் உயர்நிலைக் கல்விக் கூடத்தை நிறுவினார். ஆங்கிலம், கணிதம், வரலாறு ஆகியவற்றோடு இலத்தீன், கிரேக்கம் முதலிய பழம்பெரும் மொழிகளும் அங்குக் கற்பிக்கப்பட்டன. பனையேறிகளின் பிள்ளைகளுக்கு இத்தனை உயர்ந்த கல்வி எதற்கு என்று எண்ணாமல், இங்கிலாந்துப் பிள்ளைகள் கற்பதை இப்பிள்ளைகளாலும் கற்க முடியும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை போற்றத்தக்கது.

பிள்ளையின் மொழி அறியாமல் பிள்ளைக்கு எதனையும் விளக்க இயலாது. ஆகவே, நாள்தோறும் கற்பித்துக்கொண்டே அவர் நாள்தோறும் தமிழ் கற்றார். பள்ளிப் பிள்ளைகள் எளிதில் விளங்கிக்கொள்ளுமாறு வினாவிடை முறையில் தமிழ் இலக்கண நூல் எழுதினார். தமிழ் கற்க விரும்பும் ஆங்கிலேயர்களுக்கெனத் தனியே கைந்நூலும் இயற்றினார். நன்னூலைக் கண்டு அஞ்சிய மாணவர்கள் பலருக்குப் போப்பையர் இலக்கணம் ஏணிப்படியாக அமைந்தது.

பிரம்பும் அதன் பயனும்

சான்றோர் வரலாற்றை எழுதுவோர் அவர்தம் நிறைகளை மட்டும் எழுதுவது வழக்கம். அவ்வாறு எழுதினால் பிள்ளைகள் கற்றுக்கொள்ள எதுவும் இராது. போப் மிகுந்த கண்டிப்பு உடையவர். பிரம்பை எடுக்கத் தயங்காதவர். இதனை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். உடன் பணியாற்றியோருடனும் அவருக்குக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. 1849-ஆம் ஆண்டில் சாயர்புரத்தை விட்டு இங்கிலாந்து சென்றார். 1851-இல் திரும்பி வந்து தஞ்சாவூரிற் பணியாற்றினார். அங்கும் பள்ளிகளை வளர்த்தார். அங்கும் பிணக்குகள் தொடர்ந்தமையால் விலக நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றையும் கூற வேண்டியுள்ளது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில், ஒரு தோட்டப் பள்ளியிற் பணியாற்றினோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வருவான். காரணம் கேளாமல் பிரம்பால் அடித்தோம். நோயுற்ற தாய்க்கு உதவியாகப் பால் எடுத்துவிட்டு வருகிறான் என்பதைப் பின்னரே அறிந்தோம். அதற்குள் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். லயத்திற்குச் சென்று அழைத்தும் அவன் வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேறொரு பள்ளியில் நாம் பணியாற்றியபோது, அவனே தன் மகளைச் சேர்க்க வந்து நின்றான். படிவத்தை நிரப்பித் தருமாறு நம்மிடமே நீட்டினான். அதனை நிரப்பிய பொழுது நம் கை நடுங்கியது. அன்று முதல் நம் மேசையிற் பிரம்பு இல்லை.

போப்பின் பிரம்பு இன்று யாருக்கும் பயன் தருவதில்லை. அவர் கற்ற தமிழோ இன்றளவும் பயன் தருகிறது.

மலைநாட்டிலும் பெங்களூரிலும்

தஞ்சைக்குப் பின் போப் நீலகிரி மலைக்குச் சென்றார். உதகமண்டலத்தில் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பல ஆண்டுகள் நடத்தினார். தமிழ் பேசாத மாணவர்களிடையே இருந்தபோதும் அவர் தமிழை மறந்தாரில்லை. அம்மலையில் வாழும் தோடர்களின் மொழியையும் ஆராய்ந்து, அதன் இலக்கணச் சுருக்கத்தை 1873-இல் வெளியிட்டார். 1871-ஆம் ஆண்டு முதல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமையை ஏற்று அதனை வளர்த்தார்.

முதுமையில் முடித்த பணி

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தென்னாட்டில் வாழ்ந்த பின், அறுபது வயதைக் கடந்தவராய் இங்கிலாந்து திரும்பினார். பிறர் ஓய்வு பெறும் அவ்வயதில் அவரது பெரும்பணி தொடங்கியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளரானார். 1886-ஆம் ஆண்டில் திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளாக மொழிபெயர்த்து வெளியிட்டார். எல்லிஸ், துரு ஆகியோர் முன்னரே குறளின் சில பகுதிகளை ஆங்கிலத்தில் தந்திருந்தனர்; போப் முழுமையும் தந்தார். வள்ளுவர் கிறித்தவக் கருத்துகளைக் கேட்டறிந்திருக்கலாம் என்று அவர் கருதியதைத் தமிழறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. எனினும் அவரது உழைப்பை யாரும் மறுத்ததில்லை. 1893-இல் நாலடியார் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

அடுத்து அவர் திருவாசகத்தை எடுத்துக்கொள்ள எண்ணினார். ஒரு நாள் மாலை, பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டுடன் உலவிக்கொண்டிருந்தபோது, அத்துணைப் பெரிய பணியை முடிக்கும்வரை தாம் உயிரோடு இருப்பது ஐயமே என்று கூறினார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழ்வதற்கு வழி என்றும், அது முடியும்வரை போப் வாழ்வார் என்றும் ஜோவெட் தேறுதல் கூறினார். 1893-ஆம் ஆண்டிலேயே ஜோவெட் காலமானார். போப்போ நாள்தோறும் உழைத்து, 1900-ஆம் ஆண்டில், தமது எண்பதாம் பிறந்த நாளன்று அந்நூலுக்கு முன்னுரை எழுதி முடித்தார். தம் சமயம் வேறாயினும் மணிவாசகரின் அன்பு நெறியைப் போற்றிய அவரது உள்ளம் பெரிது. 1906-இல் அரச ஆசியக் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

கல்லறையும் சிலையும்

தாம் ஒரு தமிழ் மாணவர் என்று தம் கல்லறையில் எழுதுமாறு போப் கேட்டுக்கொண்டதாகவும், அவ்வாறே எழுதப்பட்டிருப்பதாகவும் மேடைகளிற் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். நாமும் அவ்வாறு பேசியதுண்டு. ஆக்ஸ்போர்டு நகரில் உள்ள அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. அவரது குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து, அவரது வாழ்நாள் உழைப்பைப் போற்றி அதனை நிறுவினர் என்ற செய்தியே அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. கடல் கடந்து வாழ்ந்த ஆசிரியருக்குத் தமிழர்கள் கல் நாட்டினர் என்ற உண்மையே போதும், கற்பனை வேண்டுவதில்லை. 1966-இல் நம் கோலாலம்பூரில் தொடங்கிய உலகத் தமிழ் மாநாடு, 1968-இல் சென்னையில் நடைபெற்றபோது, மெரினா கடற்கரையிற் போப்பிற்குச் சிலையும் நிறுவப்பட்டது.

மாணவச் செல்வங்களே! மலாயும் ஆங்கிலமும் நீங்கள் நன்கு கற்க வேண்டும். அவை உங்களுக்கு வாயில்களைத் திறக்கும். ஆயினும் போப் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் கற்பிக்கவில்லை. ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழ் கற்கவுமில்லை. ஒன்று மற்றொன்றுக்குத் துணையாயிற்று.

பெற்றோர்களே! தமிழால் என்ன பயன் என்று கேட்டோருக்கு நாம் தரும் விடை இதுவே. தாய்மொழியிற் கால் ஊன்றிய பிள்ளை பிற மொழிகளை அஞ்சாமற் கற்கும். கனடாவிற் பிறந்த ஒருவர் எண்பது வயதுவரை சலிக்காமற் கற்ற மொழி, நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கிடைத்திருக்கிறது. இரவு உணவிற்குப் பின் கால் மணி நேரமேனும் பிள்ளையை அருகில் அமர்த்திப் பாடநூலை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்தறியாதவராயினும் கேட்டுக்கொண்டிருங்கள். கேட்கும் செவி இருந்தால் படிக்கும் நா தானே வளரும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!